நாகேஷும் எங்கள் வீடும்: உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்

கும்பகோணத்து மகள்:

நான் நடிகர் நாகேஷை நேரில் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அவரைப் பற்றி ஒரு வழக்கு பல வருஷம் தீராமல் ஓடியது. அதைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

அப்பா கும்பகோணத்தில் ஒரு காபி ஹோட்டலில் சர்வர். 1964 கடைசியில் 'சர்வர் சுந்தரம்' வந்தது. அதுவரைக்கும் அப்பாவைக் கூப்பிடுவது "ஏய்", "தம்பி", அதுவும் இல்லாவிட்டால் மேஜையில் ஒரு தட்டு. படம் வந்த பிறகு எல்லாரும் "சுந்தரம், ரெண்டு இட்லி, சாம்பார் தனியா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா பெயர் சுந்தரம் இல்லை, ஆனாலும் ஒரு பெயர் கிடைத்ததே என்று அவருக்குச் சந்தோஷம்தான்.

அதில் நாகேஷ் பாத்திரங்களைக் கோபுரமாக அடுக்கித் தூக்கிக்கொண்டு வருவார் இல்லையா, அதைப் பார்க்கவே அப்பா மூன்று தடவை போயிருக்கிறார். பாரத்தை விரலில் வாங்கக் கூடாது, முழங்கையில் வாங்கணும், கண் அடுக்கின் மேல் போகக் கூடாது, நடக்கிற வழியில் இருக்கணும், இதெல்லாம் தொழிலில் நின்றவனுக்குத்தான் தெரியும் என்பது அப்பா கட்சி. "இவன் தூக்கினவன்டி" என்பார்.

வழக்கு அது இல்லை. படத்தின் முடிவு. பெரிய நடிகனாகிறான், ஆசைப்பட்ட பெண் கிடைக்கவில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிடுகிறாள், கடைசியில் மறுபடி சர்வர் உடுப்பை மாட்டிக்கொள்கிறான். எல்லாரும் ஆஹா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள், அப்பா மட்டும் கோபமாக வந்தார். "அவன் எதுக்குத் திரும்பி வரணும்? விடிகாலை நாலு மணிக்கு எழுந்து மேஜை துடைச்சவன் எவனாவது திரும்பி வருவானா? கதை எழுதினவர் தட்டு தூக்கினதில்லை." கதை எழுதிய பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில், அதாவது அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில், உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர் என்று பிற்பாடு எங்கேயோ படித்தேன். சரி, அப்பா சொன்னதில் ஒரு நியாயம் இருந்திருக்கிறது.

சேலத்து மாது:

நான் 1961-இல் பிறந்தவன். ஆறு வயதில் பெரியம்மை. வேப்பிலையில் படுக்க வைத்திருந்தது அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது, எழுந்து பள்ளிக்கூடம் போன முதல் நாள் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. "டேய் நாகேஷ் வந்துட்டான்." அவர் முகத்தைப் போலவே என் முகத்திலும் அம்மைத் தழும்பு, உடம்பும் அப்போது ஈர்க்குச்சிதான், பொருத்தம் பூரணம். வீட்டுக்கு வந்து அழுவேன், நாகேஷை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

பத்து வயதில் டூரிங் டாக்கீஸில் 'எதிர்நீச்சல்' பார்த்தேன். மணலில் உட்கார்ந்து, சுண்டல் பொட்டலத்தோடு. ஒண்டுக் குடித்தன வீட்டில் மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொண்டு, எல்லார் வீட்டு எடுபிடி வேலையும் செய்து, அவர்கள் போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு படிக்கிற அநாதைப் பையன் மாதுவாக நாகேஷ். முகம் திரை முழுக்க வருகிறது, தழும்பு தழும்பாகவே தெரிகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அந்த முகத்தில் நான் தழும்பைப் பார்க்கவில்லை என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. மறுநாள் ஒருவன் "நாகேஷ்" என்றான், "என்னடா?" என்று திரும்பிவிட்டேன். அதோடு அவனுக்கே சுவாரஸ்யம் போய்விட்டது.

அப்புறம் பெண் பார்க்கப் போன இடத்தில் அந்தப் பெண்ணுடைய பாட்டி சபையில் சத்தமாக, "மாப்பிள்ளை நம்ம நாகேஷ் மாதிரில்ல இருக்கார்" என்றார். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. பெண் சிரித்துவிட்டாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இப்போதும் வீட்டில் கோபம் வந்தால் எனக்குப் பெயர் மாதுதான்.

தி.நகர்வாசி:

என்னுடையது சின்னது. தி.நகரில் அவர் கட்டிய நாகேஷ் தியேட்டர் பின்னாளில் கல்யாண மண்டபமானது. அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பாயசம் வருகிறவரை அண்ணாந்து, திரை எந்தச் சுவரில் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். நானும் சேர்ந்து பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

வகுப்பறை:

தமிழாசிரியர் நான், ஓய்வு பெற்றாயிற்று. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, 'கொங்குதேர் வாழ்க்கை', இறையனார் பெயரில் இருப்பது. முப்பது வருஷமாக எந்த வகுப்பில் எடுத்தாலும் இரண்டாவது வரிக்குள் ஒரு பையன் எழுந்து "ஐயா, இது நாகேஷ் பாட்டு" என்பான். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். பாட்டு சிவபெருமான் எழுதிக் கொடுத்தது, தருமி அதைப் பரிசுக்காகப் பாண்டியன் சபைக்கு வெறுமனே தூக்கிக்கொண்டு போனவன், 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் அந்தத் தருமியாக வந்தவர்தான் நாகேஷ் என்று வரிசையாக விளக்குவேன்.

பிறகு நானே மாறிவிட்டேன். பாட்டுக்கு முன்னால் தருமியைச் சொல்லிவிடுவேன். சிவன் வருவதற்கு முன்பு அவன் தனியாகப் புலம்புகிற இடத்தைக் கவனித்துப் பாருங்கள். ஆயிரம் பொன் வேறு எவனுக்கோ போய்விடப் போகிறதே என்ற பதைப்பு முதலில் காலில்தான் தெரியும், ஒரு இடத்தில் நிற்காது. எதிரே சிவனாக இருந்தவர் சிவாஜி, பாட்டில் குற்றம் சொன்ன நக்கீரராக வந்தது இயக்குநர் ஏ.பி. நாகராஜனே. அந்த இருவருக்கும் நடுவில் ஒரு பஞ்சைப் புலவன் படத்தைத் தட்டிக்கொண்டு போகிறான். பாட்டில் குற்றம் உண்டா இல்லையா என்று புலவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், பரிசு வராவிட்டால் ராத்திரி சோறு இல்லை என்பது தருமிக்கு மட்டும்தானே தெரியும். பையன்களுக்கு அது உடனே புரிந்துவிடும். மதிய உணவுக்கு முந்தின பீரியட் என்றால் இன்னும் நன்றாகப் புரியும்.

பாட்டி பேரன்:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எங்கள் பாட்டிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. காரணம் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் அவர் செய்த சூழ்ச்சிக்கார வைத்தி. டிவியில் வேறு எந்தப் படத்தில் அவர் தலை தெரிந்தாலும் "வந்துட்டான் சண்டாளன், யார் குடியைக் கெடுக்கவோ" என்று ஆரம்பித்துவிடுவார். 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' வில்லனாக வந்தபோது பாட்டிக்கு ரொம்பத் திருப்தி, நான் அப்பவே சொன்னேனே என்று. ஆனால் அதே பாட்டி 'மகளிர் மட்டும்' பார்த்து, பிணமாகக் கிடந்தவரைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு வசனம் கிடையாது, செத்த உடம்பு, அவ்வளவுதான். அது 1994. பெண்ணைப் பறிகொடுத்த பேராசிரியராக 'நம்மவர்' செய்ததும் அதே வருஷம். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது, அப்போது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. பத்ம விருது கடைசிவரை வரவில்லை. இந்த இடத்தில் மட்டும் எனக்குப் பாட்டி மாதிரி நாலு வசவு வாயில் வருகிறது, விட்டுவிடுகிறேன்.

கும்பகோணத்து மகள்:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன், மாது அண்ணா எழுதியதை இரண்டு தடவை. பாக்கியையும் சொல்லிவிடுகிறேன்.

2009 ஜனவரி 31, நாகேஷ் இறந்த அன்று அப்பா என்னோடு இருந்தார். காது மந்தம், டிவியில் ஓடுகிற எழுத்தை நான் படித்துச் சொன்னேன். வயது எழுபத்தைந்து, பிறந்தது தாராபுரம், வீட்டில் பேசியது கன்னடம், சினிமாவுக்கு முன்னால் ரயில்வேயில் கிளார்க், அங்கே போட்ட ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாக நடித்ததைத் தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். பாராட்டினார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ரயில்வே என்றதும் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரயில்வேயா? ஹோட்டல் இல்லையா?"

"இல்லப்பா. ஆபீஸ் உத்தியோகம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முழங்கையை லேசாக மடக்கிப் பார்த்துக்கொண்டு, "அதுக்கு முன்னாடி எங்கேயோ தூக்கியிருக்கான், உனக்குத் தெரியாது" என்றார்.