ஜெர்மனில இருந்து பாரிஸ் எவ்ளோ தூரம், ஃப்ளைட்ல எத்தனை மணி நேரம்? அவசரம்

புதுசா_வந்தவ:
பாரிஸ்ல இருக்குற அக்காவுக்கு டெலிவரிக்கு இன்னும் மூணு வாரம் இருக்குன்னாங்க, இன்னிக்கு காலைல திடீர்னு அட்மிட் பண்ணிட்டாங்க, மாமா மட்டும்தான் கூட இருக்காரு, அம்மாவுக்கு விசா வரல. நான் ஜெர்மனி வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. நாளைக்குள்ள போய்ச் சேரணும், எதுல போறது? கை காலெல்லாம் நடுங்குது, யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

ஃப்ராங்ஃபர்ட்_தம்பி:
ட்ரெய்ன்தாங்க. ஃப்ராங்ஃபர்ட்ல இருந்து நாலு மணி நேரத்துல பாரிஸ். ஃப்ளைட் ஒண்ணேகால் மணி நேரம்தான், ஆனா ஏர்போர்ட் போக, செக்யூரிட்டி, இறங்கி ஊருக்குள்ள வரன்னு கணக்கு அதே நாலுல வந்து நிக்கும்.

நவம்பர்_குளிர்:
ஆன்மெல்டுங் (வீட்டு அட்ரஸ ஊர் ஆபீஸ்ல பதியறது) முடிச்சாச்சா முதல்ல? நான் வந்தப்போ வீடு இல்லாம ஆன்மெல்டுங் இல்ல, அது இல்லாம அக்கவுண்ட் இல்ல, அக்கவுண்ட் இல்லன்னா வீடு தர மாட்டாங்க, நாலு மணிக்கே இருட்டிடும், ஊருக்கு போன் பண்ணா நல்லாருக்கேன்னு சொல்லிட்டு வெச்சுட்டு அழுவேன்.

ம்யூனிக்_அண்ணா:
ட்ரெய்ன நம்பாதீங்க, ஒரு கனெக்‌ஷன் விட்டா நடுராத்திரில ஸ்டேஷன்லதான் உக்காரணும். ஃப்ளைட் போடுங்க. வீடுன்னதும் ஞாபகம் வருது, என் பழைய ஓனர் மூணு மாச டெபாசிட்ட இன்னும் தரல.

நவம்பர்_குளிர்:
எனக்கும் அதே கதைதான், சுவத்துல ஆணி அடிச்சதுக்கெல்லாம் புடிச்சாங்க.

பரிஸ்_அக்கா:
அந்தப் பிள்ளை தமக்கைக்கு என்னவோ எண்டு தவிக்குது, நீங்கள் வீட்டுக் கதை கதைக்கிறியள். தங்கச்சி, நீங்கள் எந்த ஊரில இருக்கிறியள்? என்ன விசா?

புதுசா_வந்தவ:
பெர்லின்க்கா. ஸ்டூடண்ட், பாஸ்போர்ட்ல ஒட்டின டி விசாதான் (நீண்ட நாள் தங்குறதுக்கான விசா), ரெசிடென்ஸ் கார்டு இன்னும் வரல

பழைய_பெர்லின்:
பெர்லின்னா கணக்கே வேற மா. நேர்கோட்டுல 880 கிமீ கிட்ட, ரோட்ல ஆயிரத்துக்கு மேல, பஸ் நினைக்கவே வேணாம். ஃப்ளைட் ஒண்ணேமுக்கால் மணி நேரம், வீட்ல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஆறு மணி நேரம் வெச்சுக்கோ. ஏர்போர்ட் சார்ல் து கோல் இல்லன்னா ஓர்லின்னு இருந்தா எடு, பொவே ஏர்போர்ட் வேணாம், அது பாரிஸ்ல இருந்து 85 கிமீ தள்ளி இருக்கு. ஃப்ளைட் விலை எகிறியிருந்தா நேரடி ஐசிஇ (ஜெர்மன் அதிவேக ட்ரெய்ன்) இருக்கு, 2024 டிசம்பர்ல இருந்து ஓடுது, எட்டு மணி நேரம், மாறவே வேணாம், ஆனா ஒரு நாளைக்கு ஒரு ட்ரெய்ன்தான். டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி மாசப் பாஸ்) அதுல செல்லாது. டி விசா தேதி முடியலன்னா ஃப்ரான்ஸ் தாராளமா போலாம், 180 நாள்ல 90 நாள் வரைக்கும். ஒரிஜினல் பாஸ்போர்ட் எடுத்துக்கோ, ஜெர்மனி திரும்பும்போது செக் பண்ணலாம்.

பரிஸ்_அக்கா:
ரெயிலில வந்தா கார் து லெஸ்ட் ஸ்டேஷனிலதான் இறங்குவீங்கள், தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பல் அங்கயிருந்து நடக்கிற தூரம், சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மாமாவிட்ட ஆஸ்பத்திரிப் பெயரும் கிட்ட இருக்கிற மெத்ரோவும் இப்பவே கேட்டு வையுங்கோ. ஜெர்மன் சிம் இஞ்ச வேலை செய்யும்.

புதுசா_வந்தவ:
நாளைக்கு காலைல ஃப்ளைட், சார்ல் து கோல். புக் பண்ணிட்டேன்

பழைய_பெர்லின்:
ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டையும் பைல போட்டுக்கோ, பின்பக்கம் இருக்குறது ஐரோப்பிய ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டு.