வளையம் ஏறாத குஞ்சுகள்: கிளப் இணைப்பில் உங்களுக்கு நடந்தது என்ன?

பெரம்பூர் மாடி

இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் ஹோமர் கிளப்பில், அதாவது பந்தயப் புறா கிளப்பில், ஒரு காலத்தில் முப்பது கூண்டுக்கு மேல் இருந்தது. ஓட்டு வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டக் கட்ட, மாடியும் போனது, கூண்டும் போனது. கடைசியில் ஆறு பேர் நின்றோம். ஆறு பேருடைய புறாவை வைத்துக்கொண்டு நாக்பூருக்கு வண்டி பிடிக்க முடியுமா? பக்கத்து கிளப்பில் ஒன்பது பேர். இணைந்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தோம்.

தலைவர், சந்தா, கோப்பைகள் எல்லாம் ஒரே நாளில் முடிவாகிவிட்டது. குஞ்சின் காலில் போடும் வளையத்தில் வந்து நின்றது. புது வருட வளையத்தில் எந்த கிளப்புடைய எழுத்து? எங்கள் செயலாளர் அண்ணன் நாற்பது வருடமாக அந்த எழுத்துப் போட்ட வளையத்தைத் தன் கையால் எண்ணிக் கொடுத்தவர். அவர் விடவில்லை, அவர்களும் விடவில்லை. வளையத்துக்கு ஆர்டரே போகவில்லை.

குஞ்சு நமக்காகக் காத்திருக்குமா? உங்களுக்குத் தெரியும், ஆறேழு நாளில் முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து, பின்விரலைக் காலோடு ஒட்டி மடக்கி ஏற்றிவிட வேண்டும். பத்து நாள் தாண்டினால் கஷ்டம். ஒருவழியாக வளையம் வந்தபோது என் குஞ்சுகளுக்குப் பதினான்கு நாள். செயலாளர் அண்ணனே எடுத்துக்கொண்டு வந்தார். எண்ணெய் தடவிப் பார்த்தார், விரல் கணுவைத் தாண்டவில்லை. குஞ்சு வீல் என்று கத்தியது, விட்டுவிட்டார். அப்புறம் மாடிப் படியில் போய் உட்கார்ந்தார். வளையம் கைக்குள்ளேயே இருந்தது. "நான் கெடுத்துட்டேன் தம்பி" என்றார். அரை மணி நேரம் அவர் எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டு குஞ்சு. வளையம் இல்லாத புறாவுக்கு ரேஸ் கிடையாது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தாம்பரம் தெற்கு

வளையம் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை, தூரம்தான். திருவொற்றியூர்ப் பக்கத்துக் கிளப்போடு எங்களை இணைத்தார்கள். புறாவைத் திறந்துவிடும் ஓங்கோலில் இருந்து அவர்களுக்குச் சுமார் 261 கிலோமீட்டர், எங்களுக்கு 287. தூரத்தை நேரத்தால் வகுத்து நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று பார்க்கிறோமே, அப்புறம் என்ன அநியாயம் என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் ரேஸ். காலை 6.30-க்குத் திறந்துவிட்டார்கள். வடக்கே இருக்கும் நண்பர் போனிலேயே இருந்தார். 10.07-க்கு, "என்னுது இறங்கிடுச்சு, கூட வந்ததுல ஒண்ணு தனியா உங்க பக்கம் போவுது பாருங்க" என்றார். நிமிடத்துக்கு 1200 மீட்டர். அதே வேகத்தில் வந்தால் என் மாடிக்கு 10.29. கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். 29 ஆனது, 30 ஆனது, 32. என் நீலப் பெட்டை 10.34-க்கு வந்தது. கணக்குப் போட்டால் 1176.

அத்தனை தூரம் கும்பலாக வந்த புறா, கூட வந்தவையெல்லாம் வடக்கிலேயே இறங்கிவிட, கடைசி 26 கிலோமீட்டரைத் தனியாக வந்திருக்கிறது. வழியில் ஒருமுறை வட்டமடித்துப் பார்த்திருந்தால்கூட அந்த ஐந்து நிமிடம் போயிருக்கும். அந்தத் தனிப் பறத்தலுக்கு வெலாசிட்டிக் கணக்கில் இடம் இல்லை. அந்த சீசனில் எங்கள் பக்கம் இரண்டு பேர் கூண்டையே விற்றுவிட்டார்கள்.

ராயபுரம் பழைய கூண்டு

தாம்பரம் சார் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேற்கே இருந்து மேல்காற்று அடிக்கிற நாளில் புறாக்கள் கடலுக்குத் தள்ளப்பட்டு வரும். அன்றைக்குக் கடற்கரையை ஒட்டியிருக்கும் எங்களுக்கு லாபம். கடல் காற்று முந்திக்கொள்கிற நாளில் தலைகீழ். ஒரு ரேஸை வைத்து இணைப்பே தவறு என்று சொல்லக் கூடாது. பெட்டை வந்ததும் உள்ளே நுழைந்ததா, தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்ததா? அதைச் சொல்லவில்லையே.

இணைவதற்கு முன்பு எங்கள் நிலைமை என்ன தெரியுமா? பழக்குவதற்காகத் திறந்துவிடுகிற ஒரு டாஸுக்கு இருபது, இருபத்தைந்து புறாதான். சின்னக் கும்பலுக்குள் புறா அடிக்கிற பைரிப் பருந்து பாய்ந்தால் மொத்தமும் திசைக்கொன்றாகச் சிதறிப் போகும். நெல்லூர் டாஸ் ஒன்றில் பதினேழு போய் ஐந்து வந்தது. மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறக்கிறேன், ஆறாவது நிற்கிறது. நெஞ்சு கிழிந்து இரைப்பை தெரிகிறது. பறக்க முடியாமல் மாடிப்படி ஏறி நடந்து வந்திருக்கிறது, படியெல்லாம் ரத்தச் சொட்டு. தண்ணீர் வைத்தேன். குடித்த தண்ணீர் கிழிசல் வழியாகவே வெளியே ஒழுகியது. ஊசி நூலால் தைத்துக் காப்பாற்றினேன். அன்றைக்குத்தான் யாரோடு வேண்டுமானாலும் இணைகிறேன் என்று முடிவு பண்ணினேன். இப்போது இருநூறு புறா ஒன்றாகக் கிளம்புகிறது. பைரி அடிக்கத்தான் செய்கிறது, ஆனால் கும்பல் மறுபடி கூடிவிடுகிறது.

இன்னொன்று. 2020 நவம்பரில் நியூ கிம் என்ற பெல்ஜியம் பெட்டை 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனதும், விலை கேட்டுப் பையன்கள் நிறையப் பேர் வந்தார்கள். கூண்டு சுரண்ட ஒருவரும் தங்கவில்லை. ஆள் குறைவதற்குக் காரணம் தேடுகிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

தாம்பரம் தெற்கு

அண்ணே, பெட்டை நேராக உள்ளேதான் நுழைந்தது. எலக்ட்ரானிக் கடிகாரம், பலகையில் கால் வைத்ததும் பதிவாகிவிடும்.

வியாசர்பாடி சாதா

நான் ஹோமர்காரன் இல்லை, மாடிக்கு மேலேயே மணிக்கணக்கில் பறக்கிற சாதா, குட்டிக்கரணம் போடுகிற கரணம் இரண்டும் வளர்க்கிறேன். எங்கள் ஆட்டத்தில் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதுதான் கணக்கு, புறா அவரவர் மாடியிலிருந்துதான் எழும்பும், அதனால் தூரச் சண்டை இல்லை. எங்களுக்கு நடுவர்தான் பஞ்சம். காலையில் விட்டதிலிருந்து சாயங்காலம் இறங்கும் வரை ஒருவர் நம் மாடியிலேயே உட்கார வேண்டும். ஆள் குறைந்ததும் இரண்டு கிளப்பும் சேர்ந்து, அவர்கள் ஆள் எங்களுக்கு நடுவர், எங்கள் ஆள் அவர்களுக்கு என்று வைத்தோம். வருடக் கணக்காக முறைத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

என் மாடிக்கு வந்த பெரியவர் மதியம் வரை என் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது. என் சாதா ஒன்று மேலேயே நின்றுவிட்டது. இறங்கினால் நேரம் எழுதலாம், இறங்காவிட்டால் ராத்திரி எங்கேயாவது கம்பியில் அடிபட்டுச் செத்துவிடும். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர் சட்டென்று எழுந்து, கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியை உருவி வீசினார், டார்ச்சை அதன் மேல் அடித்தார். புறா இறங்கியது. அப்புறம் உட்கார்ந்து, "நடுவர் உதவி செய்ததால் இந்தப் பறவை போட்டியில் சேராது" என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நியாயம்தான். ஆனால் அந்தத் தாளில் நானும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கோப்பை அவர்கள் பக்கம் போனது. அவர் மேல் எனக்குக் கோபமா, நன்றியா என்று இன்றைக்கும் தெளியவில்லை.

செங்குன்றம் 71

என் அனுபவம் சின்னது. இணைந்தோம், ஒரே வருடத்தில் பிரிந்தோம், பொதுக் கணக்கில் இருந்த பணத்துக்காக இரண்டு நண்பர்கள் இன்றுவரை பேசுவதில்லை. அவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லியாக வேண்டும்.

எடுத்த எடுப்பில் கிளப்பை இணைக்காதீர்கள், வண்டியை மட்டும் இணையுங்கள். பிரிட்டனில் பல காலமாக அப்படித்தான். சின்னச் சின்ன கிளப்புகள் கூட்டமைப்பாகச் சேர்ந்து ஒரே வண்டியில் புறாக்களை அனுப்புகின்றன, கிளப் முடிவு தனியாகவும் கூட்டமைப்பு முடிவு தனியாகவும் வரும். தாம்பரம் சார் பிரச்சினைக்கும் இதில் வழி இருக்கிறது. வட பகுதி, தென் பகுதி என்று தனித்தனிப் பரிசு வையுங்கள், மொத்த முடிவுக்குப் பெயர் மட்டும் போடுங்கள், பணம் வேண்டாம். ஒவ்வொரு மாடியின் தூரத்தையும் ஒரே ஆள் ஒரே முறையில் மறுபடி அளக்க வேண்டும். பழைய கிளப் கொடுத்த தூரத்தை அப்படியே எடுத்தால் பின்னால் சண்டை வரும். பழைய கடிகாரம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஓட்டிவிட வேண்டும். ரேஸ் முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் வித்தியாசம் பார்க்க வேண்டும். வெளி கிளப்புப் புறா கூடைக்குள் வருவதற்கு முன் கழுத்துத் திருகல் நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஒரே கூடையில் ஒரு நோயாளிப் புறா போதும். கிளப் பதிவானது என்றால் 1975 சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. டீக்கடையில் பேசி முடிவு பண்ணாமல், இரண்டு பக்கமும் பொதுக்குழு கூட்டி, தீர்மானம் எழுதி, பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். கையிருப்பை இணைகிற அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வளையத்தை மழை சீசன் தொடங்கும்போதே ஆர்டர் பண்ணிவிடுங்கள். எழுத்தில் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு எழுத்திலும் பாதிப் பாதி வாங்கி ஒரு வருடம் ஓட்டுங்கள். பெரம்பூர் தம்பி அதைச் செய்திருக்கலாம்.

பெரம்பூர் மாடி

செங்குன்றம் அண்ணே, பாதிப் பாதி என்று நானும்தான் சொன்னேன். அன்றைக்கு ஆறு பேரில் நான்தான் சின்னவன், யார் காதிலும் விழவில்லை. நான் வழி கேட்டு எழுதவில்லை, நடந்துவிட்டது.

வியாசர்பாடிக்காரர் எழுதியதைச் செயலாளர் அண்ணனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அந்தப் பெரியவர் இன்னும் புறா வெச்சிருக்காரா, கேளு" என்றார்.

பன்னிரண்டில் இப்போது நான்கு இருக்கிறது. போன மாதம் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு டாஸ் விட்டேன், வளையம் போட்டது பதினாறு, போடாதது அந்த நான்கு. முதலில் வந்தது போடாத ஒரு சிவப்புச் சேவல். அடுத்தது வர நான்கு நிமிடம் ஆனது. சனிக்கிழமை ஓங்கோல் ரேஸுக்குக் கூடை ஏற்றும்போது அதுவும் கூட்டத்தோடு கூடை வாசல் வரைக்கும் வந்து நின்றது. கையால் ஒதுக்கிவிட்டு மூடினேன்.