ஒரே மின்கிட்டாரில் மூன்று சுருதியமைப்புகள்: எந்த வகையை வாங்குவது?

பனிமூட்டம் (அட்டன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். எட்டு ஆண்டுகளாக மரக் கிட்டார் வாசித்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவிலும், திருவிழாக் காலங்களில் எங்கள் தோட்டத்து இளைஞர்களின் இசைக்குழுவிலும் வாசிப்பதால், முதன்முறையாக ஒரு மின்கிட்டார் வாங்க எண்ணியுள்ளேன். கையில் சேர்ந்திருப்பது ஒன்றரை இலட்சம் ரூபாய். சிறிய அம்ப்ளிபயரும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், பாவித்த கிட்டாராக இருந்தாலும் எனக்குச் சம்மதமே.

என்னுடைய சிக்கல் சுருதி மாற்றுவதில்தான் இருக்கிறது. தேவாலயத்தில், ஆறாம் தந்தியிலிருந்து முதலாம் தந்தி வரை வழமையான ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்ற சுருதிகளே போதும். இசைக்குழுவின் பாடகருக்கு மேல் ஸ்தாயி எட்டாததால், அங்கே ஆறு தந்திகளையும் அரைச் சுருதி இறக்க வேண்டியிருக்கிறது. கீபோர்ட் வாசிப்பவர் ஒரு பொத்தானை அழுத்தி அரைச் சுருதியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானோ சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆறு திருகுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். இவை தவிர, பாட்டி பாடிய நாட்டார் பாடல்களைத் தனியாக வாசிக்கும்போது டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்ற அமைப்பையும் பயன்படுத்துகிறேன்.

கண்டியில் மூன்று கிட்டார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் ஒற்றைச் சுருள் பிக்கப்கள் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குபவை) மூன்றும், பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஆட்டும் ஆட்டுகோலும் கொண்டது. மற்றொன்று லெஸ் போல் வடிவத்தில் அசையாத பிரிட்ஜும் (உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் பிக்கப் இரண்டும் கொண்டது. மூன்றாவது ஃபிளொய்ட் ரோஸ் பூட்டுப் பிரிட்ஜ் உடையது. மூன்றாவதில் தந்திகளைப் பூட்டிவிடலாம், சுருதி விலகவே விலகாது, எனவே அதையே வாங்கு என்கிறான் நண்பன். உங்கள் கருத்து என்ன?

ஆறாம் தந்தி (கண்டி) எழுதியது:

நண்பர் சொன்னது பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதிதான் உங்களுக்கு உதவாத பாதி. ஃபிளொய்ட் ரோஸ் பிரிட்ஜ் தந்தியை இரண்டு முனைகளிலும் இறுக்கிப் பிடிப்பதால், ஒரே சுருதியில் எவ்வளவு ஆட்டினாலும் அது நிலைத்து நிற்கும். அதே காரணத்தால் சுருதியை மாற்றவேண்டி வந்தால், முதலில் நட்டிலுள்ள (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் படியும் இடம்) பூட்டுகளை அலென் சாவியால் தளர்த்த வேண்டும். அதற்குப் பிறகும் வேலை முடியாது. மிதக்கும் பிரிட்ஜ் என்பது ஒரு பக்கம் ஆறு தந்திகளும் மறுபக்கம் உடலின் பின்னாலுள்ள வில்கம்பிகளும் இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு தராசு. ஒரு தந்தியைத் தளர்த்தினால் வில்கம்பியின் கை ஓங்கி, பிரிட்ஜ் பின்னுக்குச் சரிந்து, நீங்கள் தொடாத மற்ற ஐந்து தந்திகளும் சுருதி ஏறிவிடும். அவற்றை இறக்கினால் முதலில் இறக்கியது மறுபடி ஏறும். இப்படி மூன்று நான்கு சுற்றுகள் வந்த பிறகே அது ஓரிடத்தில் நிற்கும். மேடையில் இரண்டு பாடல்களுக்கிடையே செய்யக்கூடிய வேலை இதுவன்று.

ஸ்ட்ராட் வகையிலும் ஆட்டுகோல் பிரிட்ஜ் மிதந்தால் இதே தொல்லைதான். ஆனால் பின்மூடியைக் கழற்றி, வில்கம்பிகள் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளையும் இறுக்கினால், பிரிட்ஜ் உடலோடு படிந்து அசையாமல் நின்றுவிடும். மூன்று வில்கம்பிகள் மட்டும் இருந்தால் ஐந்தாக்கிக்கொள்ளலாம். லெஸ் போல் வடிவத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து நீங்கள் கவனிக்க வேண்டியது தந்தியின் நீளம். ஸ்ட்ராட்டில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 25.5 அங்குலம், லெஸ் போல் வகையில் 24.75 அங்குலம். முக்கால் அங்குலம்தானே என்று நினைக்கலாம். இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு மாறுவதால், அதே தந்தி அதே சுருதியில் நீண்ட கிட்டாரில் ஏறத்தாழ 6 வீதம் விறைப்பாக இருக்கும். சுருதிக்கும் அதே விதிதான். அரைச் சுருதி இறக்கினால் இழுவிசை ஏறத்தாழ 11 வீதமும், முழுச் சுருதி இறக்கினால் ஏறத்தாழ 21 வீதமும் குறையும். 0.046 அங்குலத் தடிப்புள்ள ஆறாம் தந்தி நீண்ட கிட்டாரில் ஈ சுருதிக்கு ஏறத்தாழ 17.5 இறாத்தல் இழுவையில் நிற்கிறது. அதை டிக்கு இறக்கினால் 14 இறாத்தலுக்கும் சற்றுக் கீழே வந்துவிடும். அப்போது தந்தி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான பிரெட்டில் அடித்து அதிரும், பலமாகத் தட்டினால் சுருதி ஒரு கணம் மேலேறிப் பிறகு விழும். 0.052 அங்குலத் தந்தியை இட்டு டியில் நிறுத்தினால் பழைய விறைப்பு ஏறக்குறைய அப்படியே திரும்பக் கிடைக்கும். மேல்சுருதித் தந்திகள் மூன்று மெல்லியதாகவும் கீழ்ச்சுருதித் தந்திகள் மூன்று தடிப்பாகவும் 10 முதல் 52 வரை (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ஒரே பெட்டியில் விற்கிறார்கள். உங்களுக்குப் பொருத்தமானது அதுவே. தடித்த தந்தி நட்டின் பழைய வெட்டுக்குள் இறுகிக்கொண்டால் வெட்டைச் சற்று அராவ வேண்டும். தந்தியை மாற்றியதும் பிரிட்ஜில் தந்தி அமரும் சேடில்களை நகர்த்தி, எல்லாப் பிரெட்டிலும் சுருதி சரியாக நிற்கிறதா என்ற இண்டனேஷனையும் சரிபார்க்க வேண்டும்.

தளர்வு எப்போதும் குறை என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்த, பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, மெல்லிய தந்திகளை இட்டு, 1970களின் தொடக்கத்தில் சி ஷார்ப் வரை இறக்கி வாசித்தார். விரலுக்கு வலி தராத தளர்வுதான் அவருக்குத் தேவைப்பட்டது. நீங்களோ ஒரே கிட்டாரில் மூன்று அமைப்புகளுக்கு மாறுகிறவர். அதனால் லெஸ் போல் வடிவத்தையே சொல்வேன்.

சுருதிப்பெட்டி (பண்டாரவளை) எழுதியது:

தம்பி, நான் பாடசாலையில் சங்கீதம் கற்பிப்பவள். மின்கிட்டாரின் உட்கூறுகளைப் பற்றி மேலே எழுதியவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆயினும் மூன்று அமைப்புகள் என்று நீங்கள் சொல்வதை எண்ணிப் பார்த்தால், உண்மையில் இரண்டுதான் இருக்கின்றன.

கிட்டாரை நிரந்தரமாகவே அரைச் சுருதி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இசைக்குழுவில் அப்படியே வாசியுங்கள். தேவாலயத்தில் முதலாம் பிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி) மாட்டினால் வழமையான சுருதி வந்துவிடும். கேப்போவால் சுருதியை ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாது என்பதால், கீழே தொடங்கி மேலே போவதே புத்தி. ஆறு தந்திகளைத் திருகும் வேலை இதோடு ஒழிந்தது.

எஞ்சியிருப்பது உங்கள் டி, ஏ, டி, ஜி, ஏ, டி. அதை ஸ்வரமாகச் சொல்லிப் பாருங்கள்: ச, ப, ச, ம, ப, ச. நம்முடைய தம்புராவின் பஞ்சமமும் சட்சமும்தான். நடுவில் ஒரு சுத்த மத்தியமம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. மூன்றாம் தந்தியை இன்னும் அரைச் சுருதி இறக்கி எஃப் ஷார்ப் ஆக்கினால் ச, ப, ச, க, ப, ச என்று அந்தர காந்தாரத்தோடு நிற்கும். மேல்நாட்டார் அதை ஓப்பன் டி என்கிறார்கள். டி, ஜி, டி, ஜி, பி, டி என்ற ஓப்பன் ஜியில் ஆதாரச் சட்சம் ஐந்தாம் தந்திக்குப் போய்விடுவதால், ஆறாம் தந்தி கீழ்ப் பஞ்சமமாகிவிடும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அந்த அமைப்பில் ஆறாம் தந்தியையே கழற்றிவிட்டு ஐந்து தந்திகளோடு வாசிப்பவர். நாட்டார் பாடல்களில் ஆதாரச் சட்சம் அடித்தளத்திலேயே ஒலிக்க வேண்டுமென்றால் டியில் தொடங்கும் அமைப்புகளே நல்லவை. வழமையான அமைப்பிலிருந்து இவற்றுக்கு மாறும்போது எந்தத் தந்தியும் மேலே ஏறுவதில்லை, எல்லாமே இறக்கம்தான் என்பதால் தந்தி அறுந்துபோகும் பயமும் இல்லை.

கருவியை நம் தேவைக்கு வளைத்துக்கொள்வதில் தவறே இல்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் இருந்த வாத்தியத்தை ஐந்து தனித் தந்திகள் கொண்ட மின்மாண்டலினாக மாற்றிக்கொண்டு கமகம் வாசித்துக் காட்டினார். நீங்களும் தோற்றத்தைப் பார்த்து வாங்காமல், கடையிலேயே ச, ப, ச, ம, ப, ச என்று சேர்த்து, பத்து நிமிடம் மீட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆறாம் தந்தி (கண்டி) எழுதியது:

டீச்சர் சொன்ன கேப்போ யோசனை எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு மறுப்பு உண்டு. மின்கிட்டாரின் மெல்லிய தந்திகளில் கேப்போவை இறுக்கிக் கடிக்கவிட்டால் தந்தி பிரெட்டுக்குள் அமுங்கிச் சுருதி ஏறிவிடும்; தந்தியை வளைத்து வாசிக்கும்போது அது கேப்போவின் கீழ் நழுவித் திரும்பி வராமலும் போகலாம். ஆகவே இறுக்கத்தைத் திருகால் கூட்டிக் குறைக்கக்கூடிய கேப்போவை வாங்கி, மாட்டிய பிறகு டியூனரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழுதுக்காரன் (பதுளை) எழுதியது:

சுருதியையும் நீளத்தையும் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். நான் இருபது வருடங்களாக வானொலியும் அம்ப்ளிபயரும் திருத்துகிறவன் என்பதால் மின்சாரத்தையும் ஈரத்தையும் பற்றிச் சொல்கிறேன்.

நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பிக்கப் ஒரு சிறிய அண்டெனாவைப் போல அந்த இரைச்சலைப் பிடித்துத் தரும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்த முனைகளும் எதிராக வைக்கப்பட்டிருப்பதால், தந்தியின் ஒலி கூடி, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். டியூப் லைட்டும் ஜெனரேட்டரும் நிறைந்த கோயில் வளவில் இந்த வித்தியாசம் காதுக்கு நன்றாகவே தெரியும். ஒற்றைச் சுருளின் தெளிவு தனி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மேடைகளுக்கு ஹம்பக்கரே நல்லது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பழைய லயன் வீடுகளில் (தோட்டத்து வரிசை வீடுகள்) பிளக்கில் மூன்று துளைகள் இருந்தும் புவித்தொடுப்புக் கம்பி எங்கும் போய்ச் சேராமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக அம்ப்ளிபயரின் உடலோடு இணைந்தவை. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது இயல்பானது. கை சுள்ளென்று கூசினாலோ, மைக்கில் உதடு பட்டதும் அடித்தாலோ, உடனே நிறுத்தி, மின்னிணைப்பாளரிடம் காட்டாமல் மறுபடி தொடாதீர்கள். வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள பொத்தானை அழுத்திப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஈரத்துக்கு வருவோம். எங்கள் ஊவாப் பக்கம் மார்கழி, தை மழை. உங்கள் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை நனைந்துகொண்டே இருக்கும். கழுத்து மரம் ஈரம் குடித்தால் வளைவு மாறும், தந்தி உயரும். கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ரொட்டை ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருகாமல், ஒருநாள் விட்டுப் பாருங்கள். வாசித்து முடித்ததும் தந்தியைத் துடைக்காவிட்டால் இரண்டு கிழமையில் துரு ஏறும். துரு ஏறிய தந்தி எந்த டியூனருக்கும் அடங்காது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். தோல் பட்டியைப் பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பனியிலிருந்து விளக்குகள் எரியும் மண்டபத்துக்குள் கொண்டுபோனால் தந்தி சூடேறித் தளர்ந்து சுருதி இறங்கும் என்பதால், கால் மணி நேரம் வெளியே எடுத்து வைத்துவிட்டே சேருங்கள். சேர்க்கும்போது சுருதிக்குக் கீழே போய் மேல்நோக்கி ஏற்றி நிறுத்துங்கள். நட்டில் தந்தி சிக்கி டிக் டிக் என்று குதித்தால், வெட்டுக்குள் பென்சில் கரியைத் தேய்த்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பனிமூட்டம் (அட்டன்) எழுதியது:

டீச்சருக்கும் அண்ணன்மார் இருவருக்கும் மிக்க நன்றி. லெஸ் போல் வடிவத்தையே வாங்கப் போகிறேன். 10 முதல் 52 வரையிலான தந்திகளை இட்டு, அரைச் சுருதி இறக்கி, கேப்போவோடு தேவாலயத்துக்குப் போவேன். லயன் பிளக்கை நேற்றே ஒருவரிடம் காட்டினேன். பழுதுக்கார அண்ணன் சந்தேகப்பட்டதுதான், கம்பி சுவருக்குள்ளேயே முடிந்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது: பாவித்த லெஸ் போல் வகையில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பழுதுக்காரன் (பதுளை) எழுதியது:

தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கீழே விழுந்தால் நட்டுக்குப் பின்புறம் கழுத்து வெடிக்கும். இந்த வடிவத்துக்கே உள்ள நோய் அது. அந்த இடத்தில் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து, வார்னிஷில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு பன்னிரண்டாம் பிரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அதே இடத்தில் தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் டியூனரில் ஒன்றாக நிற்கின்றனவா என்று ஆறு தந்திகளிலும் சோதியுங்கள். வோலியூம் திருகைச் சுழற்றும்போது கரகரத்தால் பயப்பட வேண்டாம், அதைத் துப்புரவாக்கிவிடலாம். விலையைக் குறைத்துக் கேட்க மட்டும் மறக்காதீர்கள். வாங்கியதும் கடினப் பெட்டி ஒன்றில் வைத்து, பஸ்ஸில் மேல்தட்டில் போடாமல், மடியிலேயே வைத்துக்கொண்டு அட்டனுக்குப் போங்கள்.