0.67-ஐத் தூக்கச் சொன்னது யார்?

உத்திரம்: நேற்று இந்த மன்றத்தில் ஒருவர் எழுதுகிறார்: “ஐ.எஸ். 456 என்ற இந்தியக் காங்கிரீட் விதித்தொகுப்பில் காங்கிரீட் வலிமையை 0.67-ஆல் பெருக்கிவிட்டு, மறுபடியும் 1.5-ஆல் வகுப்பது இரட்டைப் பாதுகாப்பு. 0.67-ஐ விட்டால் பீமின் வளைவு வலிமை ஏறும், கம்பி மிச்சம்.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 0.67 பாதுகாப்புக்காக வந்ததே அல்ல! காங்கிரீட்டின் வலிமையை அளக்கச் சோதனைக் கனசதுரமான கியூபை உடைக்கும்போது இயந்திரத்தின் தகடுகள் அதைப் பக்கவாட்டில் விரிய விடாமல் பிடித்துக்கொள்கின்றன. வலிமை கூடுதலாகத் தெரிகிறது. பீமுக்குள் அந்தப் பிடிப்பு ஏது? விதித்தொகுப்பின் 38.1-ஆம் பிரிவு, 0.67-ஆல் பெருக்கியதற்கு மேலாகத்தான் 1.5 என்ற பாதுகாப்புக் காரணி என்று பச்சையாகச் சொல்கிறது.

கணக்காளன்: எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்வதற்கு என்ன தயக்கம்? அமெரிக்கர்களின் விதித்தொகுப்பான ஏசிஐ 318-இல் 0.85 போதும். அங்கே கட்டடங்கள் சரிந்தா கிடக்கின்றன? 0.67 அதீத பயம், அவ்வளவுதான்.

உத்திரம்: அந்த 0.85, கியூபுக்குப் பதில் உருளையை உடைத்து அளக்கும் சிலிண்டர் வலிமைக்கு. சிலிண்டர் வலிமை கியூப் வலிமையில் சுமார் 0.8. பெருக்கினால் 0.68. எங்கே ஐயா உங்கள் மிச்சம்?

தளத்துக்காரன்: ஒரு பீம்: 230 மி.மீ. அகலம், பயனுறு ஆழம் (அழுத்தம் ஏற்கும் விளிம்பிலிருந்து கம்பியின் நடு வரை) 400, எம்20 தரக் காங்கிரீட், எஃப்இ 415 தரத்தில் 16 மி.மீ. கம்பி மூன்று. விதிப்படி வளைவு வலிமை சுமார் 75 கிலோநியூட்டன் மீட்டர். 0.67-ஐத் தூக்கினால் 79. இந்த நான்குக்கா இத்தனை கூச்சல்?

கணக்காளன்: நான்கு என்றாலும் மிச்சம் மிச்சம்தான். பணம் போடுகிறவருக்குத் தெரியும் அதன் அருமை.

உத்திரம்: நான்கோடு நிற்காது. அதே பீமில் கம்பியைக் கூட்டி எட்டக்கூடிய வலிமையின் உச்ச வரம்பு 102-இலிருந்து 152-க்குத் தாவிவிடும். அதை நம்பிக் கம்பியைத் திணித்தால், கம்பி இளகுவதற்கு முன்பே மேல்புறக் காங்கிரீட் நொறுங்கும். விரிசல் காட்டி எச்சரிக்காது. 0.67 அங்கேதான் உயிர் காக்கிறது.

கணக்காளன்: பார்த்தீர்களா, உயிர் காக்கிறதாம்! அப்படியானால் பாதுகாப்புதானே? உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

உத்திரம்: வார்த்தையைப் பிடித்துத் தொங்காதீர்கள். போன மாதம் ஒரு பக்கம் மட்டும் தாங்கப்பட்ட கேன்டிலீவர் சிலாபில், மேலே வர வேண்டிய கம்பியைக் கீழே காட்டி வரைந்து இங்கே போட்டவர்தானே நீங்கள்?

கணக்காளன்: அது வரைவாளர் செய்த தவறு. அன்றே சொல்லிவிட்டேன். இன்னும் எத்தனை நாளைக்கு அதையே கிளறுவீர்கள்?

தளத்துக்காரன்: இருவரும் 400 ஆழத்தை நம்பிச் சண்டை போடுகிறீர்கள். கம்பியை உரிய இடத்தில் நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் மேல் கம்பியை மிதித்து அமுக்கிவிட்டுக் காங்கிரீட் கொட்டுகிறார்கள். பீம் தாங்கப்படும் சப்போர்ட்டில் 370 ஆழம் கிடைத்தாலே பெரிது.

உத்திரம்: அதைப் பார்க்க வேண்டியது உங்கள் வேலை. எங்களிடம் ஏன் வந்து புலம்புகிறீர்கள்?

தளத்துக்காரன்: மேசையை விட்டு எழுந்து ஒருநாள் வந்து பாருங்கள், பிறகு பேசலாம்.

கணக்காளன்: நன்றாகக் கேட்டீர்கள். 0.67 பாதுகாப்புக்குத்தான். இதில் மாற்றமில்லை.

உத்திரம்: 38.1-ஐ எடுத்து வைத்துப் படியுங்கள். “அதற்கு மேலாக” என்று இருக்கிறதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.