வேட்டை ஜீப்பின் விளக்குக் கம்பியை வெட்ட யார் உரிமை கொடுத்தது?

மாங்குளத்தான்:
நேற்று இங்கே ஒருவர் 1964ஆம் ஆண்டு லாண்ட் ரோவர் ஒன்றின் படங்களைப் போட்டு, "இலங்கையின் வடக்கே வன்னியில் முழுக்க முழுக்க ஒரிஜினலாக மீட்கப்பட்ட வேட்டை ஜீப் இது ஒன்றுதான்" என்று எழுதியிருந்தார். வாழ்த்துச் சொல்லவந்த ஒருவர்கூட ஏழாவது படத்தை உற்றுப் பார்க்கவில்லை. முன் இருக்கைக்குப் பின்னால் தறப்பாள் பிடிக்கிற இரும்பு வளையம் தெரிகிறது. அதன் நடுவில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் கிரைண்டர் போட்ட வட்டம் ஒன்று, மேலே பச்சைப் பெயின்ற். அந்த இடத்தில்தான் இரவு வேட்டை விளக்கைப் பூட்டுகிற விளக்குக் கம்பி நின்றது. பித்தளை ஒட்டு, நுனியில் சைக்கிள் ரியூப் சுற்றியிருக்கும், கை பிடித்துப் பிடித்து அந்த ரப்பர் வழுவழுவென்று மினுங்கும். வேட்டை ஜீப் என்று தலைப்பும் வேண்டும், வேட்டைக்கம்பி மட்டும் வேண்டாம் என்றால் எப்படி? கம்பியை ஏன் வெட்டினீர்கள்?

இரணைமடு88:
படம் போட்டவன் நான்தான். கம்பி தொழிற்சாலையில் வந்தது இல்லை. யாரோ ஒருவர் பிறகு ஒட்டியது. 1961 முதல் 1971 வரை வந்த லாண்ட் ரோவர் சீரீஸ் டூ ஏ வகை, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 88 அங்குலம், 2286 சீசீ பெற்றோல் எஞ்சின், ஹெட்லைட் இரண்டும் முன்வலைக்குள்ளேயே இருக்கிற பழைய முகம். அந்த வண்டி எப்படி வந்ததோ அப்படியே நிறுத்தியிருக்கிறேன். அதற்குத்தான் ஒரிஜினல் என்று பெயர். பதினான்கு மாதம் என் சொந்தக் காசில் செய்த வேலை, ஒரு கம்பிக்காக யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை.

மாங்குளத்தான்:
கணக்குக் கேட்கவில்லை. கம்பியை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

பதின்மூன்றாம்சாவி:
நான் கராஜ்காரன், இரண்டு பேருக்கும் சொல்கிறேன். முதலில் அதை ஜீப் என்று சொல்வதை நிறுத்துங்கள். ஜீப் அமெரிக்க வண்டி, இது 1948இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதல் காட்டிய இங்கிலாந்து வண்டியின் வழி வந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இரும்புக்குத் தட்டுப்பாடு என்பதால்தான் உடம்பை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். அடிச்சட்டமான சசியும், எஞ்சினுக்குப் பின்னால் நிற்கிற முன்சுவரும்தான் இரும்பு. 88 தம்பி, பின் குறுக்குச் சட்டத்தை மாற்றினீர்களா? படத்தில் புதிதாகத் தெரிகிறது.

இரணைமடு88:
மாற்றினேன் அண்ணை. சுத்தியலால் தட்ட உதிர்ந்து விழுந்தது. முன்சுவரில் கால் வைக்கிற இரண்டு பக்கமும் புதுத் தகடு. மற்ற எல்லாம் பழையது.

வவுனிக்குளத்தார்:
வன்னியில் நாலு சில்லும் இழுக்கிற எல்லாவற்றுக்கும் ஜீப் என்றுதான் பெயர். எங்கள் அப்பா சொன்னார், நான் சொல்கிறேன், என் பேரனும் சொல்வான். அம்ஸ்டர்டாமில் என்ன சொல்கிறார்கள் என்பது எங்களுக்கு எதற்கு?

பதின்மூன்றாம்சாவி:
உங்கள் பேரன் என் கராஜுக்கு வந்து ஜீப் சாமான் கேட்டால் வேறு சாமான்தான் கிடைக்கும் ஐயா.

நெடுங்கேணியாள்:
கம்பியை வெட்டியது நல்ல வேலை. அதில் நின்ற விளக்கு என்ன செய்தது என்று ஒருவரும் எழுதவில்லை. மான் கண்ணில் வெளிச்சம் பட்டால் ஓடாது, அப்படியே நிற்கும். நிற்கிறதைச் சுடுவது வேட்டையா? எங்கள் தாத்தா குழலில் மருந்து இடித்து அடைக்கிற இடியன் துவக்கோடு நடந்து போனவர். அடி பார்த்து, காற்றுப் பார்த்து, தண்ணீர் குடிக்கிற இடத்தில் மரத்தில் பரண் கட்டி விடிய விடிய இருந்து, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த நாள்தான் அதிகம். இவர்கள் ஜீப்பில் ஏறி இருந்துகொண்டு ஓர் இரவில் ஏழு, எட்டு என்று அடித்துக் குவித்தார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வயலுக்கு மரை மான் வரும். இன்றைக்குக் காட்ட ஒரு அடிகூட இல்லை. 1937ஆம் ஆண்டிலேயே வனவிலங்குகளைக் காக்கச் சட்டம் வந்த நாடு இது. அந்தக் கம்பியைப் பாதுகாக்க வேண்டும் என்று கேட்க வெட்கமாக இல்லையா?

மாங்குளத்தான்:
தங்கச்சி, விளக்கு வேட்டையை நான் நியாயப்படுத்த வரவில்லை. நடந்தது நடந்ததுதான். அதை மறைத்துவிட்டு வேட்டை ஜீப் என்று பெருமைப்படுகிறார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வெட்கப்பட வேண்டிய ஒன்று என்றால் கம்பி இருந்தால்தானே வெட்கப்படலாம்? கம்பியை வெட்டினால் வெட்கமும் போய்விடும், பெருமை மட்டும் மிஞ்சும்.

வவுனிக்குளத்தார்:
நெடுங்கேணியாள் பன்றி பற்றி எழுதவில்லை. கதிர் வருகிற நேரம் ஒரு பன்றிக் கூட்டம் வந்து உழக்கிவிட்டுப் போனால் அந்த வருடம் வட்டிக்காரன்தான் அறுவடை செய்வான். காவலுக்கு யார் வந்தார்கள்? அந்த ஜீப்தான் வந்தது.

நெடுங்கேணியாள்:
பன்றிக்கு வந்த ஜீப் மானோடு திரும்பிப் போனது. இறைச்சியை வத்தல் போட்டுத் தேனில் ஊறவைத்து யார் யார் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள் என்று எனக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும்.

வவுனிக்குளத்தார்:
எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பதின்மூன்றாம்சாவி:
அந்தப் பின் குறுக்குச் சட்டம் உதிர்ந்ததற்கும் அந்த வத்தல்தான் காரணம். பழைய வேட்டை வண்டி எது என்று எனக்கு நம்பர் பார்க்கத் தேவையில்லை, கீழே படுத்துப் பார்த்தால் போதும். மழையில் நின்ற வண்டிக்குக் கறள் எல்லா இடமும் ஒரேபோலப் பிடிக்கும். வேட்டை வண்டிக்குப் பின்பக்கம்தான் போகும். இறைச்சிக்கு அங்கேயே உப்புப் போடுவார்கள், இரத்தமும் உப்புத் தண்ணீரும் பலகை இடுக்கால் இறங்கும். அலுமினியத் தகடு இரும்போடு முட்டுகிற இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் அலுமினியம் வெள்ளை மாவாகக் கொட்டும். விரலால் தொட்டால் சுண்ணாம்புபோல ஒட்டும். கழுவினாலும் போகாது. தம்பி, பின் பெட்டியின் அடியில் அந்த வெள்ளை மா இருந்ததா?

இரணைமடு88:
இருந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண் அளவுக்குத் தின்றிருந்தது. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து, இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ரப்பர் கொடுத்தேன்.

மாங்குளத்தான்:
பாருங்கள். குறுக்குச் சட்டம் புதிது, முன்சுவர் பாதி புதிது, பின் பெட்டியின் அடி புதிது. இவ்வளவும் மாறினாலும் ஒரிஜினல். அதிலேயே கிடந்து பழசான கம்பி மட்டும் ஒரிஜினல் இல்லை! கம்பியை ஏன் வெட்டினீர்கள்?

இரணைமடு88:
கறள் தின்றதை மாற்றுவது பழுது பார்ப்பது. கம்பி பழுதில்லை, அது மேலதிகம். இந்த வித்தியாசம் விளங்காதவரோடு என்ன பேசுவது?

வவுனிக்குளத்தார்:
எஞ்சினைத் திறந்தபோது என்ன இருந்தது என்று எழுதவில்லையே தம்பி. யுத்தத் தடையால் 1990க்குப் பிறகு எங்களுக்குப் பெற்றோல் எங்கே வந்தது? துளி பெற்றோல் விட்டு எழுப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். 2002இல் ஏ9 நெடுஞ்சாலை திறக்கும்வரை வன்னியில் ஓடிய பெற்றோல் வண்டிகள் அப்படித்தான் உயிரோடு இருந்தன. உங்கள் எஞ்சினிலும் அந்த வேலை இருந்திருக்க வேண்டும்.

இரணைமடு88:
இருந்தது ஐயா. எஞ்சின் ஹெட்டுக்குக் கீழே, இடைவெளி அடைக்க வைக்கிற தகடு, காஸ்கெற், ஒன்றுக்குப் பதிலாக இரண்டு. ஒன்றை எடுத்துவிட்டேன்.

வவுனிக்குளத்தார்:
எடுத்துவிட்டீர்களா! இடம்பெயர்ந்தபோது இத்தனை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக வைத்தது அந்த இரண்டு காஸ்கெற்தான். எங்கள் மூளை அது. அதையும் குப்பையில் போட்டாயிற்று.

பதின்மூன்றாம்சாவி:
அதை எடுத்தது சரி. இரண்டு காஸ்கெற் போட்டது அமுக்கத்தைக் குறைக்க. மண்ணெண்ணெய் அமுக்கம் தாங்காது, ஏற்றத்தில் டொக் டொக் என்று இடிக்கும். இன்றைக்குப் பெற்றோலில் ஓடுகிற வண்டிக்கு இரண்டு காஸ்கெற் இருந்தால் இழுவை குறையும், பெற்றோல் குடிக்கும். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினுக்கு வேறு சீக்கும் உண்டு. எரியாத எண்ணெய் ரிங் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். பெருமை பேசுகிறவர்கள் அப்போது எத்தனை எஞ்சின் பெயரிங் தின்று நின்றது என்று சொல்வதில்லை.

வவுனிக்குளத்தார்:
நின்ற எஞ்சினை மறுநாளே ஓடவைத்தவர்களும் இங்கேதான் இருந்தார்கள். உங்களைப்போலக் கடையில் பெட்டி உடைத்துச் சாமான் பூட்டியவர்கள் இல்லை.

பதின்மூன்றாம்சாவி:
நான் அந்தக் காலத்தில் எங்கே இருந்தேன் என்று தெரியாமல் எழுதாதீர்கள்.

மாங்குளத்தான்:
காஸ்கெற் சண்டையைப் பிறகு பிடியுங்கள். நான் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். அந்த ஜீப்பை எனக்குத் தெரியும். படத்தைப் பார்த்த உடனே தெரிந்தது, பித்தளை ஒட்டின் தடம் பெயின்றுக்குக் கீழேயும் தெரிகிறது. அந்த ஒட்டை ஒட்டியது என் அப்பா. 88இன் மாமா அதற்குச் சொந்தக்காரர், அப்பா அதற்குச் சாரதி. வேட்டைக்குப் போனால் அப்பா ஓட்டுவார், பின்னால் நிற்கிறவர் விளக்கைத் திருப்பிக்கொண்டே வலது தோளில் தட்டினால் வலதுபக்கம், இடது தோளில் தட்டினால் இடதுபக்கம். 100 வாட் விளக்கு 8 அம்பியருக்கு மேல் இழுக்கும், மெதுவாக உருட்டும்போது டைனமோ அவ்வளவு தராது. அதனால் இருக்கைக்குக் கீழே இரண்டாவது பற்றரிக்குப் பெட்டி அடித்ததும் அப்பாதான். அதையும் கழற்றியிருப்பீர்கள். 1997இல் சண்டை ஏ9 வழியே மேலே வந்தபோது விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பியோடு ஓடினோம். ஒலுமடுப் பக்கம் பாம்பு கடித்த ஒரு பெண்ணுக்கு மாங்குளத்தில் சேலைன் ஏற்றி, அந்தப் போத்தலை இந்தக் கம்பியில் கட்டித்தான் மல்லாவிக்குக் கொண்டுபோனார்கள். ஹெட்லைட் போடாமல், நிலா வெளிச்சத்தில், மஞ்சள் குமிழை அமுக்கி நாலு சில்லிலும் சேற்றை இழுத்துக்கொண்டு போன இரவு அது. போத்தல் கம்பியில் அடிபடாமல் இருக்கத்தான் அந்தச் சைக்கிள் ரியூப்பைச் சுற்றினார்கள். வேட்டைக்குச் சுற்றியது இல்லை. இப்போது சொல்லுங்கள், கம்பியை ஏன் வெட்டினீர்கள்?

நெடுங்கேணியாள்:
அந்தப் பெண் பிழைத்தாவா?

மாங்குளத்தான்:
பிழைத்தா.

இரணைமடு88:
நீங்கள் யாருடைய மகன் என்று இப்போதுதான் விளங்குகிறது. அப்படியென்றால் இது கம்பிக் கதை இல்லை. உங்கள் அப்பாவுக்கு எங்கள் மாமா மூன்று மாதச் சம்பளம் கொடுக்கவில்லை என்று ஊர் முழுக்கச் சொன்ன கதையின் மிச்சம் இது. மாமா இறந்துவிட்டார். சேலைன் கட்டியதற்குப் படம் இருக்கிறதா? கம்பியில் எதையெல்லாம் கட்டினோம் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்லலாம்.

மாங்குளத்தான்:
சேலைன் போத்தலுக்கு யார் அப்போது படம் எடுத்தது? அந்த மூன்று மாதச் சம்பளத்தை நான் எழுதவில்லை, நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை விடுங்கள். கம்பி.

பதின்மூன்றாம்சாவி:
பித்தளை ஒட்டு என்றால் கிரைண்டர் போட்டிருக்கவே தேவையில்லை. சூடு காட்டினால் கழன்று வரும், வளையத்துக்கும் காயம் இல்லை. அது ஒன்று பிழை தம்பி. அப்புறம் அது கம்பி இல்லை, குழாய். முக்கால் அங்குலத் தண்ணீர்க் குழாய்.

மாங்குளத்தான்:
ஒரு அங்குலம்.

பதின்மூன்றாம்சாவி:
படத்தில் வட்டத்தின் அளவைப் பார்த்தால் முக்கால்.

மாங்குளத்தான்:
பிடித்த கை எங்கள் கை. ஒரு அங்குலம்.

நெடுங்கேணியாள்:
ஒருமுறை சேலைன் கட்டியதால் முப்பது வருடம் விளக்குக் கட்டியது இல்லாமல் போகாது. கம்பி போனது நல்லது. நான் சொன்னதை மாற்றவில்லை.

வவுனிக்குளத்தார்:
எடுத்த காஸ்கெற் எங்கே? அதையாவது வைத்திருக்கிறீர்களா?

இரணைமடு88:
காஸ்கெற் இல்லை. குழாய் என் கராஜின் பின்பக்கம் கிடக்கிறது, பயற்றங்காய்க் கொடிக்கு ஊன்றியிருக்கிறேன். வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள், விவாதம் இதோடு முடியட்டும்.

மாங்குளத்தான்:
நான் வந்து எடுக்க மாட்டேன். அதன் இடம் என் வீடு இல்லை, அந்த வளையம். பித்தளைக் கோல் நான் வாங்கித் தருகிறேன், வெட்டிய நீங்களே ஒட்டுங்கள்.

இரணைமடு88:
ஒட்ட மாட்டேன். அடுத்த மாதம் வவுனியாவில் இந்த வண்டியைக் காட்சிக்கு வைக்கிறேன், கம்பி இல்லாமல்.

மாங்குளத்தான்:
வையுங்கள். நானும் வருவேன். பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த வட்டத்தைத் தொட்டுக் காட்டுவேன்.

பதின்மூன்றாம்சாவி:
வரும்போது ஒரு அளவுகோலும் கொண்டுவாருங்கள்.