நம்பிக்கை இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். யாரும் சண்டை போடவில்லை, ஆனால் எல்லாம் மாறிவிட்டது

தனிவழி எழுதியது:

எனக்குக் கடவுள் நம்பிக்கை போய் ரொம்ப நாளாயிற்று. வாய் திறந்து சொன்னது சமீபத்தில்தான். "நீ சும்மா கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாயா, நிஜமாகவே வேண்டிக்கொள்கிறாயா?" என்று அக்கா நேராகக் கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அளந்து அளந்து பேசுகிறார், அவ்வளவுதான். முன்பெல்லாம் வீட்டில் யாருக்கு உடம்புக்கு என்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். இந்த முறை அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் ஏதோ சரியில்லை என்பதே, "எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மா போட்டதைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீதான் வேண்டிக்க மாட்டியே, உன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் இன்னும் வலிக்கிறது.

அக்கா மகள் என்னோடு உட்கார்ந்து கதைப்புத்தகம் படிப்பாள். இப்போது அக்காவும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறாள், நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று. நண்பர்களில் ஒருவன் தினமும் பக்தி வீடியோ அனுப்புகிறான். இன்னொருவன், அவனும் நாத்திகன், "விடாதே, விவாதம் பண்ணு" என்கிறான். இரண்டு பேரிடமும் எனக்குப் பேசப் பிடிக்கவில்லை.

சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது, வாங்கவும் மாட்டேன். ஆனால் இவர்களை விட்டு என்னால் இருக்க முடியாது. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கருங்குயில் பதில்:

உங்கள் அம்மா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கடவுளைப் பற்றி ஒரு கருத்து சொன்னதாக நினைக்கிறீர்கள். அவர்கள் காதில் விழுந்தது, "இனி நான் உங்களில் ஒருவன் இல்லை" என்பது. அதற்கு எந்த வாதத்தாலும் பதில் சொல்ல முடியாது.

ஜார்ஜ் எலியட் என்ற பெயரில் எழுதிய ஆங்கில நாவலாசிரியை மேரி ஆன் எவான்ஸின் வாழ்க்கையில் இதே கதை உண்டு. 1842 ஜனவரியில், 22 வயதில், இனி தேவாலயத்துக்கு வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். வீட்டையே கலைத்துவிடும் யோசனைவரை அப்பா போனார். சில வாரம் அண்ணன் வீட்டில் போய் இருந்துவிட்டு வந்த பிறகு ஓர் உடன்பாடு ஆயிற்று: அவர் தேவாலயத்துக்கு வருவார், உள்ளே என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்கக்கூடாது. 1849இல் அப்பா சாகும்வரை உடனிருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். இடையில் 1846இல், இயேசுவின் வாழ்க்கையை விமர்சன நோக்கில் ஆராய்ந்த ஒரு ஜெர்மன் நூலை மொழிபெயர்த்தும் வெளியிட்டார். எதையும் விட்டுக்கொடுத்த ஆளாக எனக்கு அவர் தெரியவில்லை.

நானும் அப்படித்தான். குடும்பப் பிரார்த்தனையில் போய் நிற்பேன், வாய் அசைக்க மாட்டேன். அது எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம்பிறை பதில்:

கருங்குயில், எல்லோருக்கும் அது ஒத்துவராது. போய் நின்றால் "மனசு மாறிட்டான்" என்று வீட்டில் நம்பிக்கை பிறக்கும். அடுத்த வருடம் அதை உடைக்கும்போது முதல் தடவையைவிட மோசமாக இருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

என் மனைவி பக்தி உள்ளவள். எங்களுக்குள் விவாதம் வந்த வருடங்களும் உண்டு. பிறகு டார்வினின் கதையைப் படித்தேன். டார்வின் தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர் இல்லை, ஆனால் சந்தேகங்கள் இருந்தன. அதை வருங்கால மனைவியிடம் மறைத்துவிடு என்று அவர் அப்பா அறிவுரை சொன்னார். அவர் எம்மாவிடம் சொல்லிவிட்டார். 1839இல் கல்யாணம் ஆன புதிதில் எம்மா எழுதிய கடிதத்தில், நாம் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் சொந்தம் இல்லையோ என்ற பயம் தெரிகிறது. அந்தக் கடிதத்தின் அடியில், இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று டார்வின் எழுதி வைத்தார். 1882இல் அவர் இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். எம்மா தன் நம்பிக்கையை விடவில்லை, டார்வினும் அதற்குத் திரும்பவில்லை. இதைப் படித்த பிறகுதான் மனைவியை மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டேன்.

குழந்தை விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "அவளாகக் கேட்டால் மாமா வேறு மாதிரி நினைக்கிறேன் என்று மட்டும் சொல்வேன். நீ சொல்வது தப்பு என்று அவளிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நடங்கள். பயம் தெளிய மாதக்கணக்கில் ஆகலாம்.

வீடியோ அனுப்புபவனிடம் ஒரு தடவை மரியாதையாக வேண்டாம் என்று சொன்னால் போதும்.

பெயர் வேண்டாம் பதில்:

நான் எதிர்ப்பக்கம் இருக்கும் அம்மா. என் மகனும் இப்படித்தான் ஒருநாள் சொன்னான்.

எங்களுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தம்பி. செத்த பிறகு பிள்ளையைப் பார்ப்போமா, அவனுக்கு ஒரு கஷ்டம் வந்தால் எதைப் பிடித்துக்கொள்வான், இப்படி ராத்திரி எல்லாம் ஓடும். "அதெல்லாம் ஒன்றும் இல்லை அம்மா" என்று நீங்கள் சொல்லும்போது அந்தப் பயத்தையும் சேர்த்து ஒன்றுமில்லை என்று சொல்கிற மாதிரி இருக்கும்.

எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று காலையில் நான் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தேன். என்னை அழைத்துப் போக நர்ஸ் வந்தாள். மகன் அவளை வாசலிலேயே நிறுத்தி, "பத்து நிமிஷம் குடுங்க, அம்மா பிரார்த்தனையில இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வெளியில் நின்றபடியே கதவைச் சாத்தினான். அவன் என் கடவுளை நம்பவில்லை. ஆனால் எனக்கு அது எவ்வளவு முக்கியம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றோடு என் மனக்குறை பாதி போய்விட்டது. மீதி இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் அப்பாவை டாக்டரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இளவேனில் கேள்வி:

நான் இன்னும் படிக்கிறேன், செலவெல்லாம் அப்பாதான். நானும் இப்போதே சொல்லிவிடவா?

கருங்குயில் பதில்:

வேண்டாம் இளவேனில். 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆவது பிரிவு, மதத்தையும் நம்பிக்கையையும் மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையிலும் 18ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான்; நம்பாமல் இருக்கும் உரிமையும் அதில் அடங்கும் என்று ஐநா மனித உரிமைக் குழு 1993இல் விளக்கியது. உரிமை உங்களுடையது, எப்போது சொல்வது என்பதும் உங்களுடையது. கோபத்தில் ஃபீஸை நிறுத்திவிடுவாரோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும், படிப்பு முடிந்து சம்பளம் கைக்கு வரும்வரை பொறுங்கள். அதுவரை, வெளியே சொல்லாத ஒரு நண்பரிடம் மட்டும் மனம்விட்டுப் பேசுங்கள். நீங்கள் சொல்லாமலே அப்பா நேரடியாகக் கேட்டால், "யோசித்துக்கொண்டிருக்கிறேன் அப்பா" என்பதும் உண்மையான பதில்தான்.