ராமுனே பாட்டில் கோலி யாரோடது?

மதுரைக்காரன்: நேத்து நம்ம சிங்கப்பூர் குழுவுல ஒரு தம்பி ஜப்பான் கடையில ராமுனேங்கிற ஜப்பான் சோடாவை லைச்சிப் பழ ருசியில வாங்கிக் குடிச்சிட்டு, "பாட்டிலுக்குள்ள கோலி! ஜப்பான்காரன் மூளையே தனி"ன்னு எழுதியிருந்தார். படிச்சதுலேருந்து வயிறு எரியுது. அது எங்க ஊர் கோலி சோடாய்யா! கட்டைவிரலால ஒரே அழுத்து, 'டொப்'புன்னு இறங்கும்.

பிடோக்வாசி: அந்தத் தம்பி நான்தான். லைச்சி நல்லாருக்கு, மெலன் அதைவிட நல்லாருக்குன்னு பத்து வரி எழுதினேன். உங்க கண்ணுல கோலி மட்டும்தான் பட்டுச்சா?

மதுரைக்காரன்: லைச்சி கிடக்கட்டும். கோலி யாரோடது?

ஈசூன் அக்கா: ரெண்டு பேரோடதும் இல்ல. ஹைரம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1872ல காப்புரிமை வாங்கினது. பாட்டிலைத் தலைகீழா வச்சு நிரப்புவாங்க. கேஸ் தள்ளுற தள்ளுல கோலி ரப்பர் வளையத்துல போய் அடைச்சுக்கும். ராமுனேங்கிற பேரே 'லெமனேட்' திரிஞ்சு வந்ததுதான். 1884ல கோபேயில வித்தவரும் ஸ்காட்லாந்துக்காரர்.

மதுரைக்காரன்: பேப்பர்ல எழுதி வாங்கினவன் வெள்ளைக்காரன். நூறு வருசமா சோடா உடைச்சுக் குடிச்சவன் யாரு?

பிடோக்வாசி: சரிதான் லா. நானும் தினம் எம்ஆர்டி ரயில்ல போறேன், எம்ஆர்டி என்னோடது.

மதுரைக்காரன்: இங்க பொறந்த பிள்ளைங்க கோலி சோடாவைப் போட்டோவுலதான் பாத்திருக்கும். பாவம்.

பிடோக்வாசி: இங்க பொறந்தா நாக்கு இருக்காதா? 1883லயே இந்த ஊர்ல சோடா கம்பெனி வந்தாச்சு, அண்ணே. போன மாசம் பரோட்டா சண்டையிலயும் இதே வசனம்தான் பேசுனீங்க. "இந்த ஊர் பிராட்டால்லாம் பரோட்டாவே இல்ல"ன்னுட்டு கோப்பிக்கடையில ரெண்டு தட்டு காலி பண்ணீங்களாமே.

மதுரைக்காரன்: பசிக்கு சாப்பிட்டேன். சால்னா கேட்டா மீன் கறிய ஊத்துறாங்க, அதையும் பேசணும்தான். முதல்ல கோலிக்குப் பதில் சொல்லுங்க.

நைட்ஷிப்ட்: ஒரு சந்தேகம். குடிக்கும்போது கோலி வந்து வந்து வாயை அடைக்குது. பாதி சட்டையில ஊத்திருச்சு.

ஈசூன் அக்கா: கழுத்துல ரெண்டு பள்ளம் இருக்கும் தம்பி. அது கீழ்ப்பக்கம் வர்ற மாதிரி சாய்ச்சுக் குடிங்க, கோலி அங்கேயே நின்னுக்கும்.

மதுரைக்காரன்: பாருங்க, எங்க ஊர்ல ஆறு வயசுப் பையனுக்குத் தெரிஞ்சது! ஜப்பான்காரங்க மாதிரி பிளாஸ்டிக் குச்சி வச்சுக் குத்தவும் வேணாம்.

ஈசூன் அக்கா: கோலியை விட்டுட்டு சீனியைப் பாருங்கப்பா. 100 மில்லியில 10 கிராமுக்கு மேல போனா இங்க 'டி' கிரேடு, அதான் கடைசி கிரேடு. 2022 டிசம்பர்லேருந்து அதைப் பாட்டில்லயே போட்டாகணும்.

மதுரைக்காரன்: 'டி' போட்டாலும் கோலி எங்களோடது, அக்கா.

ஈசூன் அக்கா: காட். 1872.

மதுரைக்காரன்: கட்டைவிரல்.

பிடோக்வாசி: சனிக்கிழமை ஸ்ட்ராபெரி வாங்கப் போறேன். குடிச்சிட்டு எழுதுவேன், கோலிங்கிற வார்த்தையே வராது.

மதுரைக்காரன்: போட்டோ போடுவீங்கல்ல? அதுல தெரியும்.

நைட்ஷிப்ட்: அக்கா, பள்ளம் கீழ்ப்பக்கமா, மேல்பக்கமா? இன்னொரு சட்டையும் போச்சு.